வாக்குக் கேட்பதற்கு முன்னரும் பின்னரும்

1978 ஏப்ரல் வரை, தன்பாலீர்ப்புள்ள ஒருவர் கனடாவில் குடியேறுவதற்குச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. 1952ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம், நாட்டுக்குள் விடக்கூடாதவர்கள் என்று வகுத்த பட்டியலில் அவர்களையும் சேர்த்திருந்தது. எழுபதுகளின் கடைசியில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான் அந்த வரி இல்லாமற் போனது. எங்களில் பெரும்பாலானோர் வந்திறங்கியது அதற்குப் பின், 1983 கழிந்து. நாங்கள் வந்தபோது அந்த வரி இருக்கவில்லை. ஆகவே இந்த நாடு என்றைக்கும் இப்படித்தான் இருந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடக் கம்பத்தில் வானவில் கொடி ஏறும்போது 'இது இவங்கட நாட்டு வழக்கம்' என்று முகம் சுளிக்கும் அப்பாமாரும், அதையே பெருமையாகச் சொல்லும் அவர்களுடைய பிள்ளைகளும் இந்த ஒரு விடயத்தில் ஒத்துப்போகிறார்கள்.

நான் இடதுசாரிகள் கூடிக் கதைக்கிற ஒரு வீட்டில் வளர்ந்தவன். ரொறொன்ரோவுக்கு வந்து, வாக்குரிமை கிடைத்த கையோடு புதிய சனநாயகக் கட்சியின் உறுப்பினர் அட்டையையும் வாங்கிக்கொண்டேன். அகதிகளுக்காகப் பேசுகிற கட்சி என்றுதான் எங்களில் பலருக்கு அது முதலில் அறிமுகம். அந்தக் கட்சியிலும் அதன் அக்கம்பக்கத்திலும் தன்பாலீர்ப்புள்ள ஆண்களும் பெண்களும் தம்மை மறைக்காமல் எப்படி வேட்பாளரானார்கள் என்ற கதையைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன். சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பத்திரிகைகள் நெடுநாளாக எழுதிவந்த 'ஓரினச்சேர்க்கையாளர்' என்ற சொல் ஒரு முழு மனிதரைப் படுக்கையறைக்குள் சுருக்கிவிடுகிறது. 'தன்பாலீர்ப்பு' கொஞ்சம் புத்தகவாடை அடித்தாலும் எனக்கு அதுவே போதும்.

இடதுசாரிகள் தொடக்கத்திலிருந்தே சரியான பக்கத்தில் நின்றார்கள் என்று கட்சிக்காரர்கள் சொல்லிக்கொள்வதுண்டு. முழுப் பொய்யல்ல, முழு உண்மையுமல்ல. 1967இல் எவரெட் கிளிப்பேர்ட் என்ற தொழிலாளியை, வளர்ந்த ஆண்களோடு அவர்களின் சம்மதத்துடன் உறவு வைத்ததற்காக, 'ஆபத்தான பாலியல் குற்றவாளி' என்று காலவரையின்றி அடைத்துவைப்பது சரியே எனக் கனடிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைப் பாராளுமன்றத்தில் எழுப்பியவர்களில் கட்சித் தலைவர் ரொமி டக்ளஸ் முக்கியமானவர். இந்த நாட்டின் இலவச மருத்துவத்துக்குத் தந்தை என்று போற்றப்படுபவர். ஆனால் 1968 தேர்தலில் தலைவர்களின் தொலைக்காட்சி விவாதத்தில் அவரே சொன்னதன் சாரம், இது குற்றமல்ல, நோய். பொலிஸ் தேவையில்லை, மனநல வைத்தியர் பார்த்துக்கொள்ளட்டும் என்பது. அந்தக் காலத்துக்கு அது முற்போக்கு. 1969இல் சட்டம் திருத்தப்பட்டபின்னும் கிளிப்பேர்ட் வெளியே வர 1971 ஆயிற்று. நோயாளிக்காக வாதாடுவது ஒன்று. நோயாளி என்று நீங்கள் கருதுகிறவரை உங்கள் கட்சியின் பெயரில் வாக்குக் கேட்க அனுப்புவது வேறொன்று. இரண்டுக்கும் இடையிலிருந்த தூரத்தைக் கடக்கக் கட்சிக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன.

முதலில் நின்றவர்கள் கட்சிக்கு வெளியே நின்றார்கள். 1979இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தேர்தலில் றொபேட் குக் என்பவர், தன்பாலீர்ப்பாளர்களின் உரிமை அமைப்பொன்றின் வேட்பாளராக மேற்கு வன்கூவர் பக்கத்துத் தொகுதியில் நின்றார். வெல்வதற்காக நின்றவர் அல்ல. ரொறொன்ரோவில் ஜோர்ஜ் ஹிஸ்லொப் 1980இல் நகரசபைக்கு நின்றது வெல்லலாம் என்ற நம்பிக்கையோடு. அவரை வெளிப்படையாக ஆதரித்த நகரபிதா ஜோன் சூவெல் இடதுசாரிச் சீர்திருத்தக்காரர். தேர்தல் முடிந்தபோது இருவருமே தோற்றிருந்தார்கள். சில மாதங்களில், 1981 பெப்ரவரி 5 இரவு, பொலிசார் நகரத்தின் ஆண்கள் குளியல் விடுதிகளில் ஒரேநேரத்தில் புகுந்து ஏறத்தாழ முந்நூறு பேரைக் கைதுசெய்தார்கள். மறுநாள் இரவு ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். மார்ச்சில் மாகாணத் தேர்தல். ஹிஸ்லொப் சுயேச்சையாக நின்றார், தோற்றார். சூவெல் இவருக்காகப் பேசியதால்தான் தோற்றார் என்ற பேச்சு அதன்பின் நெடுநாள் ஓடியது. அது உண்மையோ இல்லையோ, அரசியல்வாதிகள் அப்படித்தான் கணக்குப் பார்த்தார்கள்.

இதே நேரத்தில் ஒட்டாவாவில் இன்னொரு இளைஞர் இருந்தார். ஸ்வென்ட் ரொபின்சன், சட்டத்தரணி, 1979இல் 27 வயதில் வன்கூவரை ஒட்டிய பேர்ணபி தொகுதியில் புதிய சனநாயகக் கட்சிக்காக வென்றவர். 1981இல் உரிமைகள் சாசனத்தை வரைந்துகொண்டிருந்த பாராளுமன்றக் குழுவில், பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களின் பட்டியலில் பாலீர்ப்பையும் சேர்க்கவேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். பெரும் வித்தியாசத்தில் தோற்கடிக்கப்பட்டது. அப்போது அவர் தன்னைப் பற்றி எதுவும் பகிரங்கமாகச் சொல்லியிருக்கவில்லை. சொன்னது 1988இல், பெப்ரவரி 29ஆம் திகதி, நான்கு வருடத்துக்கு ஒருமுறை வருகிற அந்த நாளில், சீ.பி.சீ. தொலைக்காட்சியின் இரவுச் செய்தி நிகழ்ச்சியில் பார்பரா ஃப்ரம்முக்குக் கொடுத்த நேர்காணலில். கனடியப் பாராளுமன்றத்தில் அப்படிச் சொன்ன முதல் உறுப்பினர் அவர். தொகுதி அலுவலகத்தின் கண்ணாடிகள் உடைக்கப்பட்டன. எய்ட்ஸ் ஒவ்வொரு வாரமும் ஆட்களைக் கொண்டுபோய்க்கொண்டிருந்த காலம் அது. நவம்பரில் பொதுத்தேர்தல் வந்தது. பேர்ணபி மக்கள் அவரைத் திரும்பவும் அனுப்பினார்கள்.

இந்த இடத்தில் நிற்கவேண்டும். ரொபின்சனின் துணிச்சலைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் வாக்காளருக்கு அவரை ஒன்பது ஆண்டுகள் தெரியும். அவர்களுடைய ஓய்வூதியக் கடிதத்துக்கும் குடிவரவுப் பிரச்சினைக்கும் அலைந்து திரிந்த ஆள். சொன்னது வென்ற பிறகு, மூன்று தேர்தல்கள் கண்ட பிறகு. அவருக்குப் பின் வந்தவர்களிலும் பலர் அவ்வாறே ஆசனத்தில் அமர்ந்தபின் சொன்னவர்கள். முகம் தெரியாத ஒருவர், கட்சி அவரை வேட்பாளராகத் தெரிவதற்கு முன்னரே, 'நான் இப்படித்தான், இனி உங்கள் முடிவு' என்று சொல்லி வெல்வது வேறு கதை. வரலாற்று நூல்கள் இரண்டையும் ஒரே வரிசையில் அடுக்கிவிடுகின்றன.

ஒன்ராறியோவில் 1994இல் நடந்ததை நான் நேரில் அறிவேன். தொலைக்காட்சியில் பார்த்தது என்ற அளவில். 1990இல் பொப் ரே தலைமையில் புதிய சனநாயகக் கட்சி இந்த மாகாணத்தில் முதன்முறையாக ஆட்சிக்கு வந்திருந்தது. எங்களுக்குத் திருவிழா. அந்த அரசாங்கம் 1994 மே மாதத்தில் 167ஆம் இலக்கச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. ஒரே பாலினத் துணைகளுக்கும் சேர்ந்து வாழும் ஏனைய துணைகளுக்குரிய உரிமைகளைக் கொடுப்பது அதன் நோக்கம்; பிள்ளையைத் தத்தெடுக்கும் உரிமையும் அதற்குள் அடங்கும். எதிர்க்கட்சியான லிபரல்களின் தலைவி லின் மக்லியொட் இதை ஆதரிப்பவராக இருந்தார். மார்ச்சில் ஒரு கிராமப்புற இடைத்தேர்தலில் அவருடைய கட்சி தோற்றது. அதன்பின் அவர் நிலைப்பாடு மாறியது. அதைப் பற்றி இடதுசாரிகள் இன்றைக்கும் கோபமாகப் பேசுவார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் பொப் ரே தன்னுடைய கட்சிக்கும் கட்டளையிடவில்லை. மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்று விட்டார். கடைசிநேரத்தில் சட்டமா அதிபர் மரியன் பொய்ட் தத்தெடுக்கும் பகுதியை எடுத்துவிடவும் முன்வந்தார். ஜூன் 9ஆம் திகதி வாக்கெடுப்பு. ஆதரவு 59, எதிர் 68. எதிர்த்தவர்களில் பன்னிரண்டு பேர் ஆளும் இடதுசாரிக் கட்சிக்காரர்.

கூட்டல் கழித்தல் தெரிந்தவருக்கு விளங்கும். அந்தப் பன்னிரண்டு பேரும் பக்கம் மாறியிருந்தால் 71க்கு 56. சட்டம் நிறைவேறியிருக்கும். பார்வையாளர் மாடத்திலிருந்து கத்தியவர்களை வெளியேற்ற வந்த காவலர்கள் கையில் இறப்பர் கையுறை போட்டிருந்தார்கள். தொட்டால் தொற்றிக்கொள்ளும் என்ற பயம். அந்தப் படம்தான் என் நினைவில் தங்கியது. எங்கள் ஊரில் யார் யாரைத் தொடமாட்டார்கள் என்று பார்த்து வளர்ந்தவனுக்கு அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அன்றைக்கு அந்தச் சபையில் இருந்தவர்களில், தான் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன ஒருவர்கூட இல்லை. அவர்களுடைய வாழ்க்கையைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். அவர்கள் மாடத்தில் இருந்தார்கள். ஒன்ராறியோ சட்டமன்றத்துக்கு வெளிப்படையாக வந்த முதல் ஆணும் முதல் பெண்ணும் பின்னர் லிபரல் கட்சியிலிருந்தே வந்தார்கள்: 1999இல் ஜோர்ஜ் ஸ்மிதர்மன், 2003இல் கத்லீன் வின். எங்கள் கட்சிக்கு இது கொஞ்சம் உறைக்கவேண்டிய விடயம். 167ஆம் சட்டமூலம் தரவிருந்த உரிமைகளில் பலவற்றை, உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றுக்குப் பணிந்து, 1999இல் கன்சர்வேட்டிவ் அரசாங்கமே சட்டமாக்கியது. எங்களுக்கு விருப்பமில்லை, நீதிமன்றம் சொன்னபடியால் செய்கிறோம் என்பதைச் சட்டத்தின் தலைப்பிலேயே எழுதிவைத்தார்கள்!

அதே 1994இல்தான் ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி போய்' இங்கே ரொறொன்ரோவில் வெளியானது. கொழும்புத் தமிழ்க் குடும்பத்துப் பையன் ஒருவன் தன்னை அறிந்துகொள்வதும் 1983ம் ஒன்றாக வருகிற நாவல். ஒருபக்கம் அந்தப் புத்தகத்தை எங்களுடையது என்று கொண்டாடினோம். மறுபக்கம் அதில் கலவரத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு எழும்பிப்போன கூட்டங்களும் உண்டு. அடுத்த ஆண்டு, 1995 மே மாதத்தில், ஜிம் ஈகன் என்ற முதியவர் தன் துணைக்கு ஓய்வூதியம் கேட்டுப்போட்ட வழக்கில், உரிமைகள் சாசனத்தின் சமத்துவப் பிரிவு பாலீர்ப்பையும் உள்ளடக்கும் என்று கனடிய உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஓய்வூதியம் அவருக்குக் கிடைக்கவில்லை. 1981இல் ரொபின்சன் கேட்டுக் கிடைக்காதது பதினான்கு ஆண்டு கழித்து இப்படி வந்து சேர்ந்தது. அதே 1995இல் இலங்கை தன் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவைத் திருத்தியது. 'ஆண்' என்றிருந்த இடத்தில் 'ஆள்' என்று வந்தது. வெள்ளைக்காரன் விட்டுப்போன சட்டத்துக்குள் பெண்களும் கொண்டுவரப்பட்டார்கள். இரண்டு நாட்டுச் செய்தியையும் ஒரே பத்திரிகையில் படிக்கிற ஆட்கள் நாங்கள்.

அந்த ஒக்டோபரில் ரொபின்சன் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டார். ஒட்டாவா மாநாட்டில் முதற்சுற்றில் அவரே முன்னணி. இரண்டாம் சுற்றுக்குக் காத்திராமல் எழுந்துபோய் அலெக்ஸா மக்டொனாவை ஆதரித்தார். மூன்றாவது வந்த லோர்ன் நிஸ்ட்ரொமின் ஆட்கள் தன் பக்கம் வரமாட்டார்கள் என்று அவர் கணக்கிட்டிருந்தார். அவர் தன்பாலீர்ப்பாளர் என்பதால்தான் கட்சி அவரை ஏற்கவில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. அவர் தீவிரவாதி, வளைந்துகொடுக்காதவர் என்ற பயமும் தொழிற்சங்கக்காரர் மத்தியில் இருந்தது. இரண்டு பயத்தையும் பிரித்தெடுப்பது கடினம். இரண்டாவதைச் சத்தமாகச் சொல்லலாம், முதலாவதைச் சொல்லமுடியாது.

முகம் தெரியாத வேட்பாளர் வெல்லும் கதை 1996இல் வன்கூவரில் தொடங்குகிறது. ரிம் ஸ்ரீவன்சன் ஐக்கிய திருச்சபையின் போதகர். அந்தத் திருச்சபை 1988இல் நீண்ட சண்டைக்குப் பிறகு, பாலீர்ப்பு போதகராவதற்குத் தடையல்ல என்று முடிவெடுத்திருந்தது. 1992இல் இவர் வெளிப்படையாகவே குருப்பட்டம் பெற்றார். நான்கு ஆண்டு கழித்து வன்கூவர்-பெராட் தொகுதியில் புதிய சனநாயகக் கட்சிக்காக நின்று வென்றார். 2000இல் இவரை அமைச்சராக்கியவர் பஞ்சாபிலிருந்து வந்து முதலமைச்சரான உஜ்ஜல் டொசாஞ்ச். கனடாவில் வெளிப்படையான தன்பாலீர்ப்பாளர் ஒருவர் அமைச்சரானது அதுவே முதல்முறை. குடியேறியவர்கள் இந்த விடயத்தில் பின்னுக்கு இழுப்பவர்கள் என்று சொல்கிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் உதாரணம் இது. அடுத்த ஆண்டு கட்சி மொத்த மாகாணத்திலும் இரண்டே இரண்டு ஆசனங்களாகச் சுருங்கியபோது இவரும் அடிபட்டுப்போனார். தோற்கடித்த லிபரல் வேட்பாளர் லோர்ன் மெயன்கோர்ட்டும் தன்பாலீர்ப்பாளர்தான். 2005இல் இருவரும் திரும்ப மோதினார்கள். ஸ்ரீவன்சன் 11 வாக்கால் தோற்றார். இன்னொரு பக்கம், 1999இல் மனிற்ரோபாவில் அதே கட்சியின் ஜிம் ரொண்டோ 3 வாக்கால் வென்று அந்த மாகாணத்தின் முதல் வெளிப்படையான உறுப்பினரானார். மூன்று வாக்கு என்றால் ஒரு வீட்டுக்காரர் மழைக்குப் பயந்து போகாமல் இருந்திருந்தால் போதும்.

பெண்களின் கதை பிந்தியே பதிவாகிறது. வன்கூவர் கிழக்கு உறுப்பினர் லிபி டேவிஸ் 2001இல் பாராளுமன்ற விவாதமொன்றின் நடுவே, தனக்கும் ஒரு பெண் துணை உண்டு என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். 2005இல் நியூ பிரன்ஸ்விக் மாகாணக் கட்சி அலிசன் புரூவரைத் தலைவியாகத் தெரிந்தது; கருக்கலைப்பு மருத்துவமனையொன்றை நடத்தியவர், வெளிப்படையான லெஸ்பியன். அந்தச் சின்ன மாகாணத்தில் இரண்டு சுமையோடும் நின்றார். ஆசனம் கிடைக்கவில்லை.

2004 ஏப்ரலில் ரொபின்சன் விலையுயர்ந்த மோதிரமொன்றைத் திருடியதைத் தானே ஒப்புக்கொண்டு போட்டியிலிருந்து விலகினார். அதே மாதக் கடைசியில், வெறுப்புப் பிரசாரத்திலிருந்து தன்பாலீர்ப்பாளரையும் காக்கும்படி அவர் கொண்டுவந்த சட்டமூலம் நிறைவேறியது. இப்படி முடியவேண்டிய மனிதர் அல்ல. அவருடைய அலுவலகத்தில் பல ஆண்டுகள் வேலைபார்த்த பில் சிக்சே பேர்ணபியில் நின்று வென்றார். எவரும் முன்பின் பாராளுமன்றத்தில் கண்டிராதவர், முதற்தடவை வாக்குக் கேட்கும்போதே தன்னை மறைக்காதவர். ரொபின்சனின் முதல் வெற்றிக்கும் இதற்கும் இடையில் 25 ஆண்டுகள்.

அடுத்த ஆண்டு திருமணச் சட்டம் வந்தது. இந்தமுறை புதிய சனநாயகக் கட்சித் தலைவர் ஜாக் லேய்ட்டன் மனச்சாட்சி வாக்குக் கொடுக்கவில்லை. உரிமை மனச்சாட்சிக்கு விடும் விடயமல்ல, கட்சி ஒன்றாகவே வாக்களிக்கும் என்றார். சேர்ச்சில் தொகுதியின் பெவ் டெஷார்லே ஒருவர்தான் எதிர்த்தார். 2005 ஜூன் 28ஆம் திகதி 158க்கு 133 என்று சட்டம் கீழ்ச்சபையைத் தாண்டியது. டெஷார்லேயின் பொறுப்புப் பறிக்கப்பட்டது. பின்னர் தொகுதிக் கட்சியினரும் அடுத்த தேர்தலுக்கு வேறொருவரைத் தெரிந்தார்கள். அவர் சுயேச்சையாக நிற்க, இடதுசாரி வாக்குப் பிளந்து, ஆசனம் லிபரல்களுக்குப் போனது. ஒரு கொள்கைக்கு விலை உண்டென்றால் அதை ஆசனத்தால் கட்டிய தருணம் இது. 1994இல் கட்டத் தயங்கிய விலை.

எங்கள் ஆட்களிடம் வருகிறேன். 2011 மே 2ஆம் திகதி ஸ்காபரோ-ரூஜ் றிவர் தொகுதியில் ராதிகா சிற்சபைஈசன் வென்றார். கனடாவின் முதல் தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர், புதிய சனநாயகக் கட்சி. அந்த வசந்தத்தில் நானும் கதவு தட்டினேன். 'பிள்ளை எந்த ஊர்?' என்றுதான் முதற்கேள்வி. இரண்டாவது கேள்வி வீட்டுக்கு வீடு மாறும். அவர் போய் உட்கார்ந்த கட்சி வரிசையில் லிபி டேவிஸ் இருந்தார். அந்த ஆண்டே முதன்முறை வென்ற ரண்டல் கரிசன், டானி மொரான், பிலிப் ரூன் ஆகியோரும் வெளிப்படையான தன்பாலீர்ப்பாளர்கள். முள்ளிவாய்க்காலுக்குப் பின் எங்களுக்காக ஒட்டாவாவில் ஒரு குரல் வேண்டும் என்று நாங்கள் கட்டியெழுப்பிய வெற்றி இவர்களுடைய வெற்றியோடு ஒரே பட்டியலில்தான் எண்ணப்பட்டது. அதை எங்கள் வானொலிகளில் ஒருவரும் சொல்லி நான் கேட்கவில்லை.

கனடாவில் உண்மையான தேர்தல் பல இடங்களில் வேட்பாளர் தெரிவுக் கூட்டத்திலேயே முடிந்துவிடுகிறது என்பது தமிழருக்குப் புதிதல்ல. உறுப்பினர் படிவம் நிரப்புவது, முதியவர்களை வாகனத்தில் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டுவருவது, றோல்சும் தேத்தண்ணியும் கொடுத்துக் கடைசிவரை இருத்திவைப்பது, இதில் எங்களை வெல்ல ஆளில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, இங்கே பிறந்தவள், கெட்டிக்காரி, அப்படி ஒரு தெரிவுக்கு ஆயத்தமானாள். படிவங்கள் சேர்ந்துகொண்டிருந்தன. துண்டுப்பிரசுரத்துக்குப் படம் எடுக்கும் நாள் வந்தபோது, உதவிக்கு வந்திருந்த பெரியவர்கள் குடும்பப் படம் வேண்டும் என்றார்கள். எங்கள் வேட்பாளர் எல்லாருடைய பிரசுரத்திலும் அது இருக்கும். கணவன், மனைவி, பிள்ளைகள், பின்னால் கோயில் கோபுரமோ மேப்பிள் மரமோ. அம்மா அப்பாவோடு எடுப்போம் என்றாள். 'அது சரிவராது தங்கச்சி, ஆட்கள் கேப்பினம்' என்றார் ஒருவர். நல்ல மனிதர், அவளுக்காக இருநூறு வீடு ஏறி இறங்கியவர். அவளுடைய துணையை அவர் பல தடவை கண்டிருக்கிறார், கூட்டாளி என்று நினைத்துக்கொண்டு. இரண்டு கிழமை கழித்து வேலைப்பளு என்று காரணம் சொல்லி விலகினாள். அந்தக் கட்சியின் யாப்பிலோ படிவத்திலோ அவளைத் தடுக்கிற ஒரு சொல் கிடையாது. தடுத்தது ஒரு படத்துக்கான சட்டகம்.

பிறகு வந்தவர்கள் பலர். நிகராகுவாவிலிருந்து பிள்ளையாக அகதியாய் வந்த ரிக்கார்டோ மிராண்டா 2016இல் அல்பேர்ட்டாவின் முதல் வெளிப்படையான தன்பாலீர்ப்பு அமைச்சரானார், புதிய சனநாயகக் கட்சி ஆட்சியில். கியூபெக்கில் மனோன் மாசே இடதுசாரிக் கட்சியொன்றின் முகமானார். 2021இல் எட்மன்ரனிலிருந்து பிளேக் டெஷார்லே சென்றார், முதற்குடிகளின் வழக்கில் 'இரு ஆன்மா' கொண்டவர் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர். 

ரொபின்சனும் திரும்பி வந்தார். 2019 பொதுத்தேர்தலில், 67 வயதில், பேர்ணபி வடக்கு-சீமோர் தொகுதியில். தொகுதியில் பெரிய சண்டை எண்ணெய்க் குழாயைப் பற்றியது. அவருடைய தனிவாழ்க்கையை அவர்மேல் எறிய ஒருவரும் மினக்கெடவில்லை. ஆனால் அதே தொகுதியின் கன்சர்வேட்டிவ் வேட்பாளர் தன்பாலீர்ப்பாளருக்கு எதிராக முன்பு பேசியவை வெளிவந்து, தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கையில் கட்சி அவரைக் கைவிட்டது. வேட்புமனுக்காலம் முடிந்துவிட்டதால் பெயரை வாக்குச்சீட்டிலிருந்து எடுக்க முடியவில்லை. லிபரல் கட்சி வென்றது, ரொபின்சன் இரண்டாவது. கைவிடப்பட்ட அந்தப் பெயருக்கு எதிரேயும் ஆயிரக்கணக்கானோர் புள்ளடி போட்டிருந்தார்கள்.